முப்பத்தெட்டு விதைப்பைகள்

புரட்டாசிக் கடைசி ஞாயிறு. காலை 7.10க்குக் கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்கு நகரப் பேருந்தில் புறப்பட்டேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டு 'ஆண்களுக்கு 22 ரூபாய்' என்று குறித்துக்கொண்டேன். சன்னலுக்கு வெளியே உழுத கரிசல், சீமைக்கருவேலம், மறுபடியும் கரிசல். கிழக்கே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிப்பக்கம்போல் இருந்தது. விடிந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத வேளையில் கழுத்தெல்லாம் வியர்வை.

8.05க்கு இறங்கி, ஆட்டோவுக்கு 80 ரூபாய் பேசினேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"முருகேசன் காட்டுக்கா? அங்கன என்னக்கா பாக்கப் போறீய? கரிசக்காடுதான? எங்க வீட்டுக்குப் பின்னாலயும் கெடக்கு. காசு வேண்டாம், சும்மாவே காட்டுதேன்."

தார்ச்சாலையோடு ஆட்டோ நின்றுகொண்டது. அங்கிருந்து வண்டிப்பாதையில் 1.4 கிலோமீட்டர். புழுதி கணுக்கால்வரை ஏற, பதினேழு நிமிடத்தில் நடந்து சேர்ந்தேன்.

முருகேசனுக்கும் அவர் மனைவி பேச்சியம்மாளுக்கும் ஐந்து ஏக்கர் மானாவாரி நிலம். இரண்டு ஏக்கரில் இப்போது தகரக் கொட்டகை, ஊஞ்சல், வர்ணம் அடித்த மாட்டுவண்டி, வாகனம் நிறுத்த இடம். தலைக்கு 400 ரூபாய், மதியச் சாப்பாடும் சேர்த்து. மிச்சமுள்ள மூன்று ஏக்கர் உழுது சமன்படுத்தி, கோடு கிழித்து, வெறுமையாகக் கிடந்தது. வரப்போரம் சின்னச் சின்னப் பெயர்ப்பலகைகள். வருகிறவர்கள் ஆளுக்கொரு வரிசை கருங்கண்ணிப் பருத்தி விதைப்பார்கள். மாசியில் வந்து தங்கள் வரிசையைத் தாங்களே பறிப்பார்கள். அதுதான் ஏற்பாடு. கைபேசியில் அதைப் பார்த்துத்தான் நானும் பதிவு செய்திருந்தேன்.

"வெள்ளாமையப் பன்னி தின்னுட்டுப் போகுது. பட்டணத்து ஆளுவ வந்து பாக்கவாது செய்யட்டும்னு ஆரம்பிச்சோம்" என்றார் முருகேசன்.

கொட்டகையில் முப்பத்தெட்டுத் துணிப்பைகள் வரிசையாக இருந்தன. சாணமும் செம்மண்ணும் புரட்டிக் காயவைத்த பருத்தி விதை ஒவ்வொன்றிலும் ஒரு கை. விதையில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்குமாம். இப்படிப் புரட்டினால்தான் கையிலிருந்து ஒவ்வொன்றாக விழுமாம். பையின் மேல் பேச்சியம்மாளின் எழுத்தில் பெயர்கள். பதினொன்றாவது பையில் என் பெயர். வேனில் வரும் முப்பத்தேழு பேரை 10.30க்கு எதிர்பார்த்தார்கள்.

9.20க்குப் பக்கத்துக் காட்டுக்காரர் ராமசுப்பு தம் ஆடுகளுடன் வரப்பில் நின்றார்.

"ஏலே மாப்ள, விதைக்க ஆளு எத்தன மணிக்கு வாராவ? எம் பருத்தி மண்ணுக்குள்ள கெடந்து ஒன்னயப் பாத்துச் சிரிக்கி."

"ஒம்ம பருத்திய எறும்பு தின்னு முடிச்சிருக்கும் மாமா. சிரிக்கது எறும்பு."

எனக்கு ராமசுப்புதான் விளக்கினார். இங்கே மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவார்கள். முதல் மழையிலேயே அது முளைத்துவிடும். மழை முந்திக்கொண்டால் கரிசல் களியாகிவிடும். ஏர், டிராக்டர், ஆள் எதுவும் இறங்க முடியாது. சுற்றிலும் எல்லோரும் விதைத்து எட்டு நாள் ஆகிறது. பட்டணத்தாருக்கு ஞாயிறுதான் தோதுப்படும் என்று இந்த மூன்று ஏக்கர் மட்டும் காத்திருந்தது.

9.50. காற்று நின்றது. பேச்சியம்மாள் கூழ்ப்பானையை மூடியபடி கிழக்கே பார்த்தாள். முருகேசன் காட்டின் நடுவில் நின்று, தலையைத் தூக்கி, "வேண்டாம். இன்னிக்கு வேண்டாம்" என்றார். எனக்கே கேட்கும் அளவுக்குச் சொன்னார்.

பேச்சியம்மாள் ஓடிப்போய் அவர் வாயிலேயே அடித்தாள். "வாயக் கழுவுங்க! மழையப் போயி வேண்டாங்கீயளே! ஊரு வெளங்குமா?"

அவள் கையை அவர் விலக்கவில்லை. "வேன் கோயில்பட்டி தாண்டிட்டு, பேச்சி" என்றார்.

முதல் துளி 9.58க்கு. கிழித்த கோடுகள் கால் மணி நேரத்தில் மறைந்தன. ஒரு மணி இருபது நிமிடம் பெய்தது. தகரத்தில் ஒரே இரைச்சல். இடையில் கைபேசி அடித்தது. முருகேசன் ஒலிபெருக்கியில் போட்டார். தார்ச்சாலையை விட்டு வேன் இறங்காது, எல்லோரும் திரும்புகிறோம் என்றார் வேனில் இருந்த ஏற்பாட்டாளர்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். விதைப்ப அடுத்த ஞாயிறு வச்சுக்கலாம்ல?" என்று அவரே கேட்டார்.

முருகேசன் காட்டைப் பார்த்தார். தண்ணீர் பளபளவென்று நின்றது. "பாத்துப் போங்க" என்றார்.

மழை விட்டதும் ராமசுப்பு மறுபடி வந்தார். அவர் காட்டுக்கும் இதே மழைதான். கிண்டல் எதுவும் செய்யவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். கையை விட்டுப் போகவில்லை.

"ஏர் எறங்க பத்து நாளாவும் மாப்ள. அதுக்குள்ள இன்னொரு மழ வராம..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "அப்படிக் கேக்கவும் கூடாது."

முப்பத்தெட்டுப் பேருக்குச் சமைத்ததில் நால்வர் சாப்பிட்டோம். கம்பங்கூழ், குதிரைவாலிச் சோறு, கானம் என்று இங்கே சொல்லும் கொள்ளில் அரைத்த துவையல். துவையல் மிக நன்றாக இருந்தது. அதை அந்த நேரத்தில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

புறப்படும்போது பேச்சியம்மாள் பதினொன்றாவது பையை என்னிடம் நீட்டினாள்.

"இது இங்கனயே இருக்கட்டும்மா. காடு காஞ்சதும் நீங்களே போடுங்க" என்றேன்.

"ஒங்க பேரு எழுதினது அக்கா. நாங்க எப்படிப் போட?"

வந்தபோது பதினேழு நிமிடம் நடந்த பாதையைக் கடக்க ஐம்பத்து நான்கு நிமிடம் ஆயிற்று. ஒவ்வோர் அடிக்கும் செருப்பில் அரைக் கிலோ மண் ஏறியது. பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். பேருந்தில் எல்லோரும் மழையைப் பற்றியே பேசினார்கள். முன்சீட்டில் ஒருவர் யாருக்கோ கைபேசியில், "நல்ல மழ அண்ணாச்சி, ஒரே மழைல காடு குளுந்துட்டு" என்று சிரித்தார். பொய் இல்லை.

மதுரையில் என் வீடு மூன்றாவது மாடி. சமையலறை மேடையில் பை இருக்கிறது. இங்கே விதைக்க மண் இல்லை. சாணம் புரட்டிய விதை வேறு எதற்கும் ஆகாது. இன்று வியாழன், ஐந்தாம் நாள். ராமசுப்புவின் பருத்தி முளை விட்டிருக்கும். மாலை ஆறு மணிக்கு இங்கே மறுபடி மேகம் கூடியது. வழக்கமாக மாடிக்குப் போய் நின்று மழையைப் பார்ப்பேன். இன்று சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.