ராயா அக்கா உள்ளறைக்குப் போனார்

ராயா அக்கா மணையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பெயர், தன் வயது, காலையில் சாப்பிட்டது எல்லாம் அவருக்கு மறந்துவிட்டன. துருவுகிற கைக்கு மட்டும் மறக்கவில்லை. அதனால் தினமும் ஒரு மூடி கொடுத்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் படித்தவள் நான். அவரை அமைதியாக வைக்க இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

"ஹோடி!"

உள்ளே வரலாமா என்று தெருக்கதவில் ஓர் ஆண்குரல். கென்யாக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் லாமுத் தீவில் ஆண்குரல் கேட்டால் பெண்கள் உள்ளே நகர்ந்துவிடுவார்கள். அக்கா தலையை மூடிக்கொண்டு முற்றத்திலிருந்து முதல் அறைக்குப் போனார்.

வந்தது அவர் மகன் அத்மான். மஸ்கட் துறைமுகத்தில் ஆறு வருஷமாக வேலை. மறுநாள் காலை திரும்பவும் படகு.

"அம்மா வாயால என் பேர ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன் சித்தி."

"அம்மா, நான்தான்" என்று முதல் அறைக்குள் போனான். அக்கா இரண்டாம் அறைக்குப் போனார். அவனும் ஏறினான். எங்கள் வீடுகளில் உள்ளே போகப் போக ஒவ்வொரு அறையும் ஒரு படி உயரம், கொஞ்சம் அதிக இருட்டு. கடைசி அறைக்கு ஜன்னல் கிடையாது. அத்மான் பிறந்தது அதில்தான். அங்கே பவளக்கல் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அக்கா நடுங்கினார்.

"யாருடா நீ? பொம்பளைங்க இருக்கற எடத்துல இப்படியா நொழையறது? ஒன்ன யாரு வளத்தது?"

"நில்லு" என்றேன் அவனிடம். "இன்னும் ஒரு அடி வெச்சா விழுந்துடுவாங்க. வெளிய போய் விருந்தாளி மாதிரி உக்காரு."

முற்றத்துப் பாயில் போய் உட்கார்ந்தான். நடுக்கம் நின்றதும் அக்கா முதல் அறைக்கு வந்து, திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"யார் வீட்டுப் பையன்?"

"ராயாவோட மகன்."

"நானும் ராயாதான். எனக்கும் ஒரு பையன் இருக்கான். கடல்ல எறங்கிட்டா கழுதைக்குக் கரை ஞாபகமே வராது."

அத்மான் சிரித்துவிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அவன் பேரு என்ன?"

அக்கா திரையின் ஓரத்தை விரலில் சுற்றினார்.

"அது அவனுக்குத் தெரியும். வந்தா கேட்டுக்கோ."

மறுநாள் காலை அவன் கதவைத் தாண்டவில்லை. "ஹோடி" என்றான். உள்ளேயிருந்து அக்கா "வா, வா" என்றார், எல்லாரிடமும் சொல்வதுபோல. என் கையில் ஒரு மீனைக் கொடுத்துவிட்டுத் துறைக்கு நடந்தான்.

தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தேன். நல்ல துண்டை அக்கா தனியே எடுத்தார்.

"பையன் வருவான்."

அதை மூடி, மேலே கனமாக ஒரு கல்லை வைத்தேன். இந்த ஊரில் பூனை அதிகம்.