கொட்டாவிக்குத் தோற்றவள்

பீச்சுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். பத்து வருடமாகிறது. காலையில் சாரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பி எட்டு மணிக்கெல்லாம் சீருடையில் நிற்பேன். கை வேகம் என்று பெயர் வாங்கியவள். சோம்பேறிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால், மாடியில் என்னோடு வேலை செய்த அக்காவை ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. கடலோரக் குப்பத்துக்காரி, என்னைவிட நாலு வயது மூத்தவள். ஓர் அறையை முடித்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்காருவாள். போனைப் பார்க்க மாட்டாள், தூங்க மாட்டாள். சும்மா உட்காருவாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் உட்காரப் பழகிவிட்டார்கள். ஆளுக்குப் பத்து அறை. அதற்கே நாள் முழுக்க ஆகிறது என்றுதான் மேலிடத்தில் நம்பியிருந்தார்கள்.

போன வருடம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு ரூமுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாக்க நாளைக்கி ஒருத்தன் வரான். நாம செய்றத போன்ல படம் புடிப்பானாம். அவன் எதிர்ல கைய அடக்கி வை. நீ ஓடுனா நாங்க எல்லாரும் ஓடணும்.”

சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

வந்தவன் மரியாதையான பையன். “எப்பவும் செய்ற மாதிரியே செய்ங்கக்கா” என்று போனைத் தூக்கிப் பிடித்தான். நானும் நிதானமாகத்தான் தலையணை உறையை மாட்டினேன். அப்போது அவன் கொட்டாவி விட்டான்.

அதுதான் என்னைக் கெடுத்தது. என் வேலையைப் பார்த்து ஒருவன் கொட்டாவி விடுவதா? அதற்கப்புறம் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பெட்ஷீட்டை ஒரே உதறில் விரித்தேன். குளியலறையை அவன் வாசலுக்கு வருவதற்குள் பாதி முடித்திருந்தேன். “சூப்பர்க்கா” என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

அடுத்த மாதம் ஆளுக்குப் பதினாலு அறை என்றார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. நான் சாப்பிடப் போனால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. எல்லாரும் உட்காருவதை விட்டார்கள், அந்த அக்காவைத் தவிர. அவள் பங்கில் தினமும் மூன்று நாலு அறை மிச்சம் நின்றது.

மேனேஜர் ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கதவைத் தாழிட்டுக்கொண்டு என்ன செய்கிறாய் என்று அவளிடம் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

“அவங்களுக்கு ஆபரேஷன் ஆயிருக்கு சார். கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலதான் காட்டிக்கினு இருக்காங்க.”

சுத்தப் பொய். ஆனால் மேனேஜர் முகம் இளகியது. அவள் தலையை ஆட்டினால் போதும்.

“எனக்கு ஒரு நோவும் இல்ல சார். சும்மாதான் உக்காந்தேன்” என்றாள்.

அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

“ஆமான்னு சொல்லியிருக்கக் கூடாதாக்கா?”

“ஏன், நோவு வந்தாதான் உக்காரணுமா?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. மாடியில் இன்னும் ஆறு அறை பாக்கி இருந்தது, ஏறினேன்.

இப்போது பதினாறு அறை. இந்தக் கோடையில் என் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. குளியலறைத் தரையைத் தேய்த்துவிட்டு எழுந்திருக்க, சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு ஒரு வீடியோவைக் காட்டினார். முகம் இல்லை, இரண்டு கைகள் மட்டும் பெட்ஷீட் விரித்தன.

“இது நீங்கதானேக்கா? இப்ப ஏன் இவ்ளோ லேட்டாவுது? உடம்பு ஏதாவது சரியில்லையா?”

கால் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்றேன்.

“அப்ப நல்லது. அடுத்த மாசம் புதுசா அஞ்சு பேர் வராங்க. நீங்கதான் அவங்களுக்குச் செஞ்சு காட்டணும். இதே வேகத்துல.”

“சரி சார்” என்றேன்.