சண்டைக்கு நடுவில் சிலிண்டர்

என் மனைவி சீர்வரிசையோடு டி.வி.யில் மாட்டி ஆடும் ஒரு வீடியோ கேம் பெட்டியையும் கொண்டுவந்தாள். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் வேனிலிருந்து இறங்கிய பிறகு, மடியில் வைத்திருந்த அட்டைப்பெட்டியை யார் கையிலும் கொடுக்காமல் அவளே வீட்டுக்குள் தூக்கிவந்தாள். கன்னிவாடியில் எங்கள் தெருவே அதை நகைப்பெட்டி என்று நினைத்தது. என் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். திறந்து பார்த்தபோது அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

அவள் திண்டுக்கல் டவுன்காரி. கல்யாணத்துக்கு முன் வேலைக்குப் போன சம்பளத்தில், பழைய சாமான் கடையில் அந்தப் பெட்டியை வாங்கியிருந்தாள். அதோடு ஒரே கதைத் தொடரின் மூன்று பாகங்கள். உப்பு பூத்த ஒரு பாலைவனத்தை நான்கு பேர் கடக்க வேண்டும். நாம்தான் அந்த நான்கு பேர். பேச வேண்டும், வழி கேட்க வேண்டும், சாமான் வாங்க வேண்டும், வழிமறிக்கும் பூதங்களோடு சண்டை போட வேண்டும். மூன்றாவது பாகத்தோடு அந்தக் கம்பெனி தொடரை நிறுத்திவிட்டது. கதை பாதியில் நின்றது. என் மனைவி மட்டும் நிற்கவில்லை. மூன்றையும் திருப்பித் திருப்பி ஆடிக்கொண்டிருந்தாள்.

நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்தில் பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் கொண்டுவருவார்கள். பழைய காப்பர் கம்பியை உருவிவிட்டுப் புதுசு சுற்றிக் கொடுப்பேன். எனக்கு வரும் ஆட்கள் எல்லாருக்கும் அவசரம். பயிர் வாடுது, இன்னைக்கே வேணும் என்பார்கள். நாள் முழுக்க அவசரத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், டி.வி.யில் ஒரு ராட்சசப் பூதம் கையை ஓங்கியபடி சும்மா நின்றுகொண்டிருக்கும். என் மனைவி அடுப்படியில் இருப்பாள்.

அந்த விளையாட்டின் சண்டை அப்படித்தான். நாம் ஒரு அடி, அப்புறம் அது ஒரு அடி. நம் முறை வந்தால், நாம் பொத்தானை அமுக்கும்வரை பூதம் அசையாது. தோள் மட்டும் மூச்சு வாங்கும். இதை வைத்து அவள் குடும்பமே நடத்தினாள். பூதத்தை நிறுத்திவிட்டுக் குழம்பு தாளித்தாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போய்க் கூட்டிவந்தாள். ஒருமுறை பழனிக்கே போய்வந்தோம். திரும்பி வந்தபோதும் அது நின்றுகொண்டிருந்தது. கரண்டு போகாதது முருகன் செயல்.

அம்மாவுக்கும் இது பழகிப்போனது. “ஏத்தா, ஒம் பூதம் இன்னும் நிக்குதா? செத்த நேரம் வந்து அடுப்புல கெடக்குற வெஞ்சனத்தைப் பாரு” என்பார்.

பிறகு அவளுக்கு விரல்களில் வலி தொடங்கியது. முடக்குவாதம் என்றார் டாக்டர். மாத்திரை, ஊசி எல்லாம் நடந்தது. வலி அடங்கியது, விரல் மடங்கியது மடங்கியதுதான். காலையில் பிளாஸ்க் மூடியைத் திறக்க முடியாது. சேலைக்கு ஊக்கு குத்த என்னைக் கூப்பிடுவாள். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அவள் தட்டில் நான் மீனுக்கு முள் எடுத்தால் தட்டை நகர்த்திக்கொள்வாள். யாராவது உதவிக்கு வந்தாலே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எனக்குப் புரியாமல் நானும் பதிலுக்குக் கத்தியிருக்கிறேன்.

விளையாட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. பொத்தானை அமுக்க அவளுக்குக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். பூதம் அதுவரை நின்றது. யோசிக்கும் மூளை அவளுடையது, ஜெயிப்பதும் அவள்தான். அந்த டி.வி.க்கு முன்னால் அவள் கை ஒரு பிரச்சினையே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் செய்தி வந்தது. அந்தத் தொடரை ஆதியில் உருவாக்கிய பெரியவரே ஒரு சின்னக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு நான்காவது பாகம் செய்கிறார் என்று. உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்குக் கிறுக்குப் பிடித்த ரசிகர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு இணையப் பக்கம் உண்டு. அதில் இவளும் பழைய புள்ளி. அன்று அந்தப் பக்கம் திருவிழா ஆனது. எங்கள் வீட்டில் கேசரி. எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு, “எங்க மருமகளுக்கு நாலாவது வருதாம்” என்று அம்மா சொல்லிவைக்க, அவர் வாழ்த்திவிட்டுப் போனார். எங்களுக்கு இருப்பதோ ஒரே பிள்ளை.

ரசிகர்கள் ஆளுக்கொன்று ஆசைப்பட்டார்கள். அந்த ஊர் திரும்ப வர வேண்டும், இந்தப் பாட்டு திரும்ப வர வேண்டும் என்று. இவள் எதுவும் கேட்கவில்லை. கதை முடிந்தால் போதும் என்றாள்.

அப்புறம் அந்தப் பெரியவர் பேசிய வீடியோ வந்தது. கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படித்துப் படித்து எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். புதுப் பாகத்தில் சண்டை நிற்காதாம். பூதம் ஓடும், தாவும், நாமும் அந்தந்த நொடியே ஓடித் தாவி அடிக்க வேண்டும். அப்படி ஒரு சண்டைதான் முதல் நாளிலிருந்து தன் கனவாம். அன்றைய மெஷினுக்கு அவ்வளவு சக்தி இல்லையாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “அவரு சொல்றதும் நியாயம்தான? பழைய மோட்டாரையே பழையபடி சுத்திக் கொடுன்னு ஆளு வந்து நின்னா, சுத்துறவனுக்கு ஒரு ஆசை இருக்காதா?” என்றேன்.

“இருக்கட்டும். நான் என்ன, வேணாம்னா சொன்னேன்?” என்று டி.வி.யை அணைத்தாள்.

சில மாதத்தில் ஆடிப் பார்க்கச் சின்னத் துண்டு ஒன்றை வெளியிட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், பிரமாதமாக இருந்தது. உப்புக் காற்றில் துணி படபடப்பதுகூடத் தெரிந்தது. முதல் பூதம் வந்தது. அவள் விரல் பொத்தானைத் தேடிப் போவதற்குள் நான்கு பேரும் விழுந்துவிட்டார்கள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி விழுந்தார்கள்.

“பாதியை நான் பிடிக்கிறேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடுவது என் கை, அடிப்பது அவள் கை. கம்பி சுற்றுகிற விரல், வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் எங்கே ஓடுவது என்று தெரிய வேண்டுமே. “இடது பக்கம்! இடதுங்க! சோத்துக் கை எது, பீச்சாங் கை எதுன்னு தெரியாதா?” என்று அவள் கத்த, நான் நேராகப் பூதத்தின் காலடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும், “இது என் ஆட்டம் இல்லைங்க” என்றாள்.

அதில் ‘சுலபம்’ என்று ஒரு வழியும் இருந்தது. அதை வைத்தால் தட்டினாலே பூதம் செத்துவிழும். நான் கண்டுபிடித்துக் காட்டினேன். அவள் கண் கலங்கி நான் பார்த்த முதல் நாள் அது.

“எனக்குச் சுலபமா வேணும்னு நான் கேட்டேனா? அது எம்புட்டு வேணாலும் அடிக்கட்டும். கொஞ்சம் நேரம் குடுத்தா போதும்னுதான கேக்குறேன்.”

அதை அவர்களிடமே சொல்ல வேண்டியதுதானே என்றேன். எழுதினால் யார் படிப்பார்கள், வீடியோ எடுங்க என்றாள். ஒரு நிபந்தனை போட்டாள். “கையை மட்டும் எடுத்தா பாவம்னுவாங்க. நான் அடிக்கிற அடியும் சேந்து தெரியணும்.”

போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து எடுத்தேன். மூன்றாவது பாகத்தில் மலை உயர ராட்சசன் ஒருவன். சண்டை உச்சத்தில் இருக்கும்போது வாசலில், “அக்கா, சிலிண்டர்!” என்று குரல் கேட்டது. “நில்லுடா, வாரேன்” என்று ராட்சசனிடம் சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஓ.டி.பி. சொன்னது, சீல் பார்த்தது, காலி சிலிண்டரை உருட்டிவிட்டது எல்லாம் குரலாகப் பதிவானது. அதற்குள் அம்மா வந்து டி.வி. முன்னால் நின்று, “பாவம், எம்புட்டு நேரமா நிக்கான்” என்றார். இவள் திரும்பி வந்து உட்கார்ந்து, மெதுவாக விரலைக் கொண்டுபோய் வைத்து, மூன்றே அடியில் ராட்சசனைச் சாய்த்தாள். எனக்கு வீடியோவில் வெட்டவோ ஒட்டவோ தெரியாது. கீழே இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதி, அப்படியே போட்டுவிட்டாள்.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். பழைய பஞ்சாங்கம் என்று சிலர் திட்டினார்கள். எங்கள் வீட்டிலும் பூதம் நிற்கும் என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம். கைக்குழந்தைக்காரர்கள், கடை வைத்திருப்பவர்கள், படுத்த படுக்கையில் இருப்பவர்கள்.

அந்தப் பெரியவரின் அடுத்த பேச்சில் எங்கள் சிலிண்டர் வீடியோ வந்தது. அம்மா சொன்னது என்ன என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த மனிதர் குலுங்கிச் சிரித்தார். பூதங்களைச் சும்மா நிற்க வைத்தது தனக்கு இத்தனை வருஷமும் கூச்சமாகவே இருந்ததாம். மெஷினின் கையாலாகாத்தனம் என்றே நினைத்தாராம். அந்த நேரத்தில் ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார் என்று தோன்றவே இல்லையாம். தன் ஓடும் சண்டையை விட முடியாது என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் வேண்டுகிறவர்களுக்கு நம் முறையில் பூதம் நிற்கும்படி ஒரு வழி வைப்பாராம். பூதம் அடிக்கும் அடியின் பலத்தில் மட்டும் துளியும் குறைக்க மாட்டாராம். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போனது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு ஆட்டமும் வந்தது. மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். நிற்கும் வழியைத் தேர்ந்தெடுத்தாள். பூதம் வந்தது, நின்றது. யோசித்தாள், பொத்தானைத் தேடினாள், அமுக்கினாள். பூதம் திருப்பி அடித்தது. அவள் முறை நான்கு தடவைகூட வரவில்லை. நான்கு பேரும் மண்ணைக் கவ்வினார்கள். திரை கறுத்தது.

தேற்றலாம் என்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தீங்களா அவனை! கொஞ்சங்கூட எரக்கம் காட்டலைங்க எம் மேல!”