கலைஞ்சது என்று சொன்ன டொக்டர்

அன்று பெண்கள் வார்ட்டில் இருந்தவர்கள் இவர்கள்: கட்டிலில் காய்ச்சலோடு என்னுடைய கடைசி மகள் சுகந்தி, கால்மாட்டில் அவளுடைய புருஷன் தவராசா, அவனுடைய தாய் பரமேஸ்வரி, தலைமாட்டில் நான், எங்கள் நடுவில் டொக்டர் நஸீமா. அந்த டொக்டர் புற்றுநோயால் காலமாகிவிட்டார் என்று போன வெள்ளிக்கிழமை வார்ட்டில் வேலை செய்யும் பிள்ளை போனில் சொன்னாள். சுகந்திக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கழுவிய அரிசியையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

இதை வாசிக்கிறவர்களில் அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களுக்கு அவருடைய குணம் தெரியும். நான் படித்தது குறைவு. ஆனால் கண்டதை மறப்பதில்லை.

சுகந்திக்கு அப்போது மூன்றாம் மாதம். கரவெட்டியில் மாமியார் வீட்டில் இரத்தம் போகத் தொடங்கியது. வேலையை விட மனமில்லாமல் கருவைக் கலைக்க ஏதோ மருந்து குடித்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வரும் என்று தானே நினைத்துக்கொண்டு பரமேஸ்வரி அவளை இரண்டு நாள் அறைக்குள் கிடத்தி வைத்திருந்தாள். உடுவிலில் இருந்த எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. காய்ச்சல் நடுக்கத்தோடு சுகந்தியே போன் எடுத்த பிறகுதான் ஓட்டோவில் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வார்ட்டில் பரமேஸ்வரி முந்திக்கொண்டாள். "இவள் கலைச்சவள், டொக்டர்."

"ஆர் கண்டது?"

"கண்டதெண்டில்லை. அப்பிடித்தான் கதைக்கினம்."

"கலைஞ்சது எண்டு சொல்லுங்கோ அம்மா. கலைச்சது வேறை. ஒரு எழுத்துக்குப் பயந்து பிள்ளையைச் சாகக் கிடத்தியிருக்கிறியள். கலைச்சிருந்தாலும் அண்டைக்கே கொண்டந்திருக்க வேணும். ரத்தம் போறவளிட்டை நான் நியாயம் கேக்கிறேல்லை."

பிறகு தவராசாவிடம் திரும்பினார். "தம்பி, நீர் சொல்லும். இவ மருந்தேதும் எடுத்தவவோ?"

ஒவ்வொரு நாளும் சத்துக் குளிசையைக் கையில் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். அவள் வேறொன்றும் விழுங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே தங்கியதைத் துப்புரவாக்கினார்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. அடுத்த நாள் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. டொக்டர் கட்டிலில் வந்திருந்து, ஒன்றையும் மறைக்காமல் சுகந்தியிடம் சொன்னார்.

சுகந்தி வேறொன்றும் கேட்கவில்லை. "நான் ஸ்கூட்டர் ஓடினதாலையோ, டொக்டர்?"

"இல்லையம்மா. கரு துவக்கத்திலேயே சரியாய் உருவாகாட்டி நிக்காது. மெத்தப் பேருக்கு அதுதான் காரணம். ஸ்கூட்டரும் இல்லை, பப்பாசியும் இல்லை, வாளி தூக்கினதும் இல்லை. நேரத்தோடை வந்திருந்தால் மருந்தோடையோ சின்னத் துப்புரவோடையோ முடிஞ்சிருக்கும்."

கடைசியாக அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது கால்மாட்டில் நின்ற தவராசாவை.

ஒருநாள் கிளினிக்கில் நான் வாயை விட்டேன். "தொண்ணூறிலை நீங்களும் சின்னப் பிள்ளையாய் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனனீங்கள், என்ன?"

டொக்டர் சிரித்தார். "போகேல்லை அம்மா. புலிகள் எங்களைக் கலைச்சவை. உங்கடை ஆக்கள் இப்பவும் முஸ்லிம் சனம் போனது எண்டுதான் சொல்லுகினம்."

துரத்துவதற்கும் எங்கள் ஊரில் கலைப்பது என்றுதான் சொல்லுவோம்.

மகளைக் கலைச்சவள் என்று ஊரெல்லாம் சொல்லி, விவாகரத்து எடுத்து, தவராசா வேறு கலியாணம் முடித்தான். ஒருநாள் டொக்டரின் அறையில் இருந்துகொண்டு, அங்கே இல்லாத அவனைத் திட்டித் தீர்த்தேன். கேட்டு முடிய அவர் சொன்னார்: "கோவத்தை வைச்சிருங்கோ. பிள்ளைக்கு முன்னாலை மட்டும் வெளியிலை எடுக்காதேங்கோ."

டொக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு எழுத்து. யாராவது என் மகளைக் கலைச்சவள் என்றால், சந்தையென்றும் பார்ப்பதில்லை, கோயிலென்றும் பார்ப்பதில்லை, நிறுத்திக் கலைஞ்சது என்று திருத்திவிட்டுத்தான் நகருவேன்.

பரமேஸ்வரி பொலிசுக்குப் பயந்தவள். அவளை விட்டுவிட்டேன். தெரிந்துகொண்டே வாய் திறக்காதவனை விட மாட்டேன். வீட்டில் அவன் பெயரை நான் எடுப்பதில்லை; டொக்டரின் சொல்லுக்காக. எழுதத் தடையில்லை. தவராசா.