அண்ணி கைவிட்ட எலுமிச்சம்பழம்

ரயிலுக்குக் கிளம்பும்போது கைக்குள் ஒரு எலுமிச்சம்பழம் இல்லாவிட்டால் எனக்கு இன்றும் கால் எழாது. குமட்டலுக்கு என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். உண்மையில் எந்த வண்டியிலும் எனக்குக் குமட்டியதில்லை. அது அண்ணியின் பழக்கம். பழத்தை முகர்ந்தால் அண்ணி பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு, சிறுமியாக இருந்த நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணனோடு இருந்தேன். அண்ணனுக்குச் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் பிரேக் பிடிக்கும் வேலை. அண்ணி ஊரிலிருந்து கப்பலேறி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இருவருக்கும் இன்னும் கூச்சம் தெளியவில்லை. பேச வேண்டியதையெல்லாம் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். கிள்ளானிலிருந்து சாயங்காலம் வரும் சரக்கு வண்டி எங்கள் பின்வேலியை ஒட்டித்தான் போகும். ஆனால் நிற்காது, அண்ணன் அதிலேயே வடக்கே போய்விட்டு மறுநாள்தான் வீடு திரும்புவான். அதனால் கிள்ளான் பாசார்ச் சந்தையில் வாங்கியதைத் துணியில் முடிந்துவைத்து, வேலியோரம் காத்திருக்கும் அண்ணிக்கு நேரே வரும்போது கையை விட்டுவிடுவான். பாதி நாள் நெத்திலிக் கருவாடும் மல்லிகைப் பூவும் ஒரே முடிச்சில் இருக்கும். என் அண்ணனின் காதல் அந்த லட்சணத்தில் இருந்தது.

முடிச்சு ஒரு நாளும் அண்ணியின் காலடியில் விழுந்ததில்லை. அவளைத் தாண்டிப் பறந்துபோய்ச் சரளைக்கல்லில் உருளும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் அதன் பின்னாலேயே ஓட வேண்டும். அடுத்த வீட்டு அக்கா ஒருநாள், "நாய்க்கு வீசுற மாதிரில்ல வீசுறாரு உன் வீட்டுக்காரரு" என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அண்ணி உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தபடி அழுதாள். மறுநாள் அண்ணன் வந்ததும், ஏன் இப்படி எறிகிறீர்கள் என்று முதல்முறையாக அவனிடமே நேரில் கேட்டாள்.

"நான் எங்க எறிஞ்சேன்? கையை விட்டேன். நேரா கீழதான விழுந்துச்சு" என்றான் அண்ணன்.

பச்சைப் பொய் என்று அண்ணி நினைத்தாள். பறந்ததைக் கண்ணால் கண்டவள் அல்லவா? அண்ணனோ செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. வண்டிப் படியில் நின்று குனிந்து பார்த்தவன் அவன். இருவரில் ஒருவர் பொய் சொல்வதாகத்தான் நானும் நினைத்தேன். யார் என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறியது. வீட்டில் பேச்சு நின்றது. கிள்ளானில் இருந்த தன் சித்தப்பாவிடம் சொல்லி, அடுத்த கப்பலில் ஊருக்கே போய்விடுவதென்று அண்ணி முடிவு செய்தாள். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு, அண்ணனின் ஓய்வு நாளன்று ரயிலேறக் கிளம்பினாள். அண்ணன் வாசலில் நின்றான். போகாதே என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

பாதி வழி தாண்டியிருப்போம். அண்ணியின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் நழுவிக் கீழே விழுந்தது. வண்டி நல்ல ஓட்டத்தில் இருந்தது; பழமோ அவள் கால் விரலை ஒட்டியே விழுந்தது. எடுத்து, அதே உயரத்தில் பிடித்து, மறுபடி விட்டாள். மறுபடியும் காலடியிலேயே. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பழத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். பாதையோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் துள்ளி விலகி, "யாரும்மா அது, ஆள் மேல எறியறது?" என்று கத்தினார்.

"நான் எறியலையே பாப்பா" என்றாள் அண்ணி என்னிடம். "கையை விட்டேன். நேரா கீழதான் போச்சு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். ஓடும் வண்டியில் இருப்பவர் கையிலுள்ள பொருளும் வண்டியின் வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கையை விட்டாலும் அந்த ஓட்டம் அதை விடுவதில்லை. கூடவே ஓடுபவருக்கு அது நேராக விழுகிறது. தரையில் நிற்பவருக்குப் பறந்து வருகிறது. பின்னாளில் என் மகன் இதைப் பாடப் புத்தகத்தில் படித்துக் காட்டியபோது, இது எங்கள் வீட்டுச் சண்டையாயிற்றே என்றேன்.

சித்தப்பா வீட்டில் அண்ணி கப்பல் பேச்சையே எடுக்கவில்லை. மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினோம். அண்ணன் இன்னும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். காலையில் சாப்பிட்டானா என்றுகூடத் தெரியவில்லை. வேலிக்குச் சற்று முன்னால், வண்டி வரும் பக்கத்தில் ஒரு குழாயடி உண்டு.

"இனிமே குழாயடிக்கிட்ட வரும்போதே விட்டுடுங்க" என்றாள் அண்ணி. "என் முகத்தைப் பாத்தப்புறம் விட்டா, நான்தான் ஓடணும்."

மறுநாள் சாயங்காலம் அண்ணன் குழாயடியிலேயே கையை விட்டான். முடிச்சு அவன்கூடவே ஓடி வந்தது. அவன் அண்ணிக்கு நேரே வந்த அதே நேரத்தில் அதுவும் வந்து சேர, அவள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். கை காலியாக இருந்ததால் அண்ணன் அவளைப் பார்த்துக் கையசைத்தான். அன்று அவர்களுக்கு நடுவில் நான் தேவைப்படவில்லை. எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வேலியும் குழாயடியும் இப்போது இல்லை. போன வாரம் கிள்ளானிலிருந்து திரும்பும்போது, அந்த இடம் வந்ததும் பழத்தைக் கையிலிருந்து விட்டேன். நேராக என் மடியில்தான் விழுந்தது. அது பறந்து வருவதைப் பார்க்க வெளியே அண்ணி இல்லை.