தாளில் இல்லாத காட்சி

எங்கள் தியேட்டரில் அவரை உஷார் என்றுதான் கூப்பிடுவோம். பழைய படங்களை மறுபடியும் ஓட்டுகிற தியேட்டர் அது. ஒவ்வொரு படத்தையும் முதலில் அவர் தனியாக உட்கார்ந்து பார்ப்பார். எந்த நிமிடத்தில் கத்தி, எங்கே ரத்தம், எங்கே பெண்ணை அடிக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தருவார். அதை டைப் அடித்து டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் ஒட்டுவது என் வேலை. "புகை பிடிக்கிறதுகூடவா அண்ணே?" என்று கேட்டால், "நேத்துதான் சிகரெட்ட விட்டவன் எவனாவது வருவான்மா" என்பார். எனக்கோ பொறுமை கிடையாது. யாராவது கொட்டாவி விட்டால் அதையும் எழுதிவிடுவீர்கள் என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தார். அக்காவுக்குக் கணவர் இல்லை, ஒரே மகன். யாரோ போட்ட சண்டையை விலக்கப் போன இடத்தில் அவனைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். இருபத்திரண்டு வயது. அக்கா நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளில் உஷார் அவன் அறையைக் காலி செய்தார். "அக்கா கண்ணுல எதுவும் படக் கூடாது" என்றார். சட்டை, செருப்பு, தலையணை உறை, கொடியில் கிடந்த துண்டு எல்லாம் மூட்டையாகிப் போயின. கட்டியதில் என் கையும் உண்டு. தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அன்று வாயாரச் சொன்னேன்.

அதன் பிறகு மூன்று வருடம் அக்கா வாசற்படி தாண்டவில்லை. ஒரு காலத்தில் துப்பறியும் படம் என்றால் உயிரை விடுவாராம். இடைவேளைக்குள் கொலைகாரனைச் சொல்லிவிடுவாராம். அக்கா சிறுமியாக இருந்தபோது வீட்டில் பார்க்க விடாத ஒரு கொலைப் படம் எங்களிடம் வந்தது. எப்படியாவது அக்காவை வெளியே அழைத்து வந்துவிட வேண்டும் என்று உஷார் தவியாய்த் தவித்தார். "பயமில்லன்னு நீ சொன்னா வரேன்டா" என்றாராம் அக்கா. உஷார் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தார். தாளில் ஏழு இடம் குறித்தார்.

"நான் கைய அழுத்துனா கண்ண மூடிக்கோக்கா. விட்டதும் தொறந்துக்கோ."

பகல் காட்சி. அவர்களுக்குப் பின்வரிசையில் நான் இருந்தேன். கத்தி வந்தது, அழுத்தினார். ரத்தம் வந்தது, அழுத்தினார். எல்லாம் சொன்னபடி நடந்தது. நடுவே அக்கா குனிந்து, "அந்த டாக்டர்தான்டா கொன்னது" என்றார். உஷார் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அப்புறம் ஒரு காட்சி. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, பாட்டுகூட இல்லை. போலீஸ்காரர்கள் போனபின், செத்தவனின் தாய் அவன் அறைக்குள் போகிறாள். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து முகத்தோடு வைத்து முகர்கிறாள். அவ்வளவுதான். உஷாரின் கை சும்மா இருந்தது. அக்காதான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டியேடா. ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கலாமே."

மூன்று வருடத்தில் அக்கா அதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை தாளில் எட்டாவதாக ஒரு வரி சேர்த்துக் கொண்டுவந்தார். 'அறுபத்தெட்டாவது நிமிடம்: ஒரு தாய் மகனின் சட்டையை முகர்கிறாள்.' மேனேஜர் பார்த்துவிட்டு, "இதுல பயப்பட என்னய்யா இருக்கு? எடு" என்றார். நான் எடுக்கவில்லை. டைப் அடித்து ஒட்டினேன்.

உஷார் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த மூட்டைய யார்கிட்டம்மா குடுத்தோம்?"

பழைய துணி வாங்குகிறவனின் வண்டியில் அதைத் தூக்கிப் போட்டதே நான்தான். அவன் முகம் எனக்கு ஞாபகமே இல்லை.