நாலு பேர் பார்த்த இடது கிட்னி

தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. டாக்டர்கள் பேசுகிற இங்கிலீஷில் நான் காத்துக் கிடப்பது ‘நார்மல்’ என்ற ஒரு வார்த்தைக்குத்தான். யாரோ ஒரு நோயாளியைப் பற்றிய பேச்சாக இருந்தாலும், அது காதில் விழாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன சாரல் சீசனில் கிட்னி டாக்டரம்மா மற்ற டிபார்ட்மெண்ட் டாக்டர்களுக்கு ஸ்கேன் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். கட்டிலுக்கே கொண்டுபோகிற சின்ன மெஷின். பழகுவதற்கு நோயில்லாத உடம்பு ஒன்று வேண்டுமாம்.

“அண்ணாச்சி, சும்மா படுத்திருந்தா போதும்.”

“ஏதாவது இருந்துட்டா மேடம்?”

கூட வேலை பார்ப்பவன் சிரித்தான். “ஏலே, மேலகரத்துல பஸ் ஏறும்போதே நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுதவன் நீ. ஓசியில பாக்குதாங்க, போய்ப் படுலே.”

படுத்தேன். பட்டப்பகலில் திரையை இழுத்து அறையை இருட்டாக்கினார்கள். வலது பக்கம் சீக்கிரம் முடிந்தது. அந்நேரம் டாக்டரம்மாவை வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். “ஒவ்வொருத்தரா இடது கிட்னியைக் கண்டுபிடிச்சு வைங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் மூத்த சர்ஜன். விலாவுக்கடியில் குளிர்ந்த கருவியை அழுத்தி அழுத்தித் தேடினார். மெஷின் வெளிச்சத்தில் அவர் முகம் சாம்பலாகத் தெரிந்தது. கடைசியில், “இந்தா இருக்கு,” என்றார். அடுத்து பிரசவ வார்டு டாக்டர். “ஆமா, இருக்கு.” மூன்றாமவரும் அதையே சொன்னார். பெரியவர் பார்த்துவிட்டதை இல்லையென்று யார் சொல்லுவார்? நான்காமவர் ‘நார்மல்’ என்றார். எனக்கு உயிர் வந்தது.

டாக்டரம்மா திரும்பி வந்து கருவியை வைத்தார். ஒருக்களிக்கச் சொன்னார், குப்புறப் படுக்கச் சொன்னார், அடிவயிற்றிலும் தேடினார்.

“யார் யார் பாத்தீங்க?”

நாலு பேரும் கையைத் தூக்கினார்கள்.

“நீங்க பாத்தது மண்ணீரல்,” என்றார் மெதுவாக.

பெரிய ஸ்கேனும் ரத்தச் சோதனையும் முடித்து, மறுநாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார். “பொறந்ததுல இருந்தே உங்களுக்கு ஒரு கிட்னிதான் அண்ணாச்சி. அது நல்லா வளந்து ரெண்டு வேலையும் பாக்குது. பயப்படாதீங்க. வலி மாத்திரை மட்டும் நீங்களா வாங்கிப் போடாதீங்க.”

நம்பினேன். ஆனாலும் குற்றாலத்தில் அருவிக்கடியில் நின்றால், இடது இடுப்பில் மட்டும் தண்ணீர் விழுகிற சத்தம் வேறாகக் கேட்கிறது. நாலு பேர் பார்த்தார்களே. டாக்டரம்மா தேடும்போது மட்டும் அது நகர்ந்து ஒளிந்துகொண்டதோ?

அடுத்த வகுப்புக்கும் அவர் என்னைக் கேட்டார். “இல்லாததை இல்லைன்னு சொல்ல இவங்க பழகணும். இஷ்டம் இருந்தா மட்டும் வாங்க. முகத்துல காட்டிக்கொடுத்திராதீங்க.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எமர்ஜென்சி வார்டிலிருந்து வந்த சின்னப் பெண் டாக்டர் கருவியை வைத்தார். நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். இருக்குன்னு சொல்லிரும்மா, நீயாவது சொல்லிரு.

“இல்ல மேடம். இங்கன ஒண்ணும் இல்ல.”

சட்டென்று எல்லாரும் கைதட்டினார்கள். அந்த இருட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.